லூயிஜி ருசோலோ

லூயிஜி ருசோலோ (ஏப்ரல் 30, 1885 – பெப்ரவரி 1947) இத்தாலிய ஓவியரும் இசையமைப்பாளரும் புதிய இசைக்கருவிகளை உருவாக்கியவரும் ஆவார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் தோன்றிய எதிர்காலவாதம் என்னும் கலை இயக்கத்தின் முன்னோடிகளுள் இவரும் ஒருவர். 1913 ஆம் ஆண்டில் இவர் வெளியிட்ட இரைச்சல்களின் கலை என்னும் கொள்கை அறிக்கை, இரைச்சலையும் இசையின் மூலப்பொருளாகக் கொள்ளலாம் என முறைப்படி வாதிட்ட முதல் எழுத்துகளுள் ஒன்றாகும். இதனால் இவர் இரைச்சல் இசையின் தந்தை எனப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறார்.

இயந்திரங்களின் ஆரவாரத்தைக் கொண்டாடிய இளைஞராகப் பெயர் பெற்ற ருசோலோ, தம் வாழ்நாளின் இறுதி ஆண்டுகளை ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் மெய்யியல், யோகம், மறைஞானம் ஆகியவற்றில் ஈடுபட்டுக் கழித்தார். இவ்விரு காலகட்டங்களும் ஒன்றுக்கொன்று முரணானவை என நீண்ட காலம் கருதப்பட்டது. இரண்டுக்கும் இடையே தொடர்ச்சி உண்டு என்னும் கருத்து அண்மைக்கால ஆய்வுகளில் வலுப்பெற்றுள்ளது.

பிறப்பும் இளமையும்

ருசோலோ இத்தாலியின் வடகிழக்கில் வெனெத்தோ பகுதியிலுள்ள போர்த்தோகுருவாரோ என்னும் ஊரில் பிறந்தார். இவரது தந்தை அவ்வூர்ப் பேராலயத்தில் ஆர்கன் இசைக்கலைஞராகப் பணியாற்றியவர். மூத்த உடன்பிறந்தோரான ஜொவான்னியும் அந்தோனியோவும் மிலான் இசைக்கல்லூரியில் பயின்றனர். இவர்களுள் அந்தோனியோ பின்னாளில் இசையமைப்பாளராகித் தம் தம்பியின் கருவிகளுக்காகவும் இசை எழுதினார். இசைக் குடும்பத்தில் பிறந்தபோதும் லூயிஜி முறையான இசைக்கல்வியைத் தொடராமல் ஓவியத்தைத் தேர்ந்தெடுத்தார்.

1901 இல் ருசோலோ மிலான் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கு ருசோலோ பழைய ஓவியங்களைச் செப்பனிடும் பணியைக் கற்றார். மிலானிலுள்ள லியொனார்டோ டா வின்சியின் இறுதி இராவுணவு ஓவியத்தைச் செப்பனிட்ட குழுவிலும் பணியாற்றினார். அக்காலத்து மிலான் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த தொழில் நகரம் ஆகும். தொழிற்சாலைகள், மின்சாரத் தண்டூர்திகள், தானுந்துகள், அச்சகங்கள் ஆகியவற்றின் ஓசை நகரத்தை நிறைத்தது. பேராலயத்தின் ஆர்கன் ஒலியில் வளர்ந்த ஒருவரின் செவிக்கு இது முற்றிலும் வேறான உலகமாகும்.

ஓவியப் பணி

1909 இல் மிலானில் நடந்த ஒரு கண்காட்சியில் ருசோலோவின் பொறிப்போவியங்கள் இடம்பெற்றன. இக்காலத்தில் ஓவியர்களான உம்பெர்த்தோ பொச்சியோனி, கார்லோ கார்ரா ஆகியோரின் நட்பு இவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் கவிஞர் பிலிப்போ தொம்மாசோ மரினெத்தி எதிர்காலவாதத்தின் முதல் கொள்கை அறிக்கையை வெளியிட்டிருந்தார். பழமையை ஒதுக்கி, வேகத்தையும் இயந்திரத்தையும் நகரத்தையும் கலையின் பொருளாக்க வேண்டும் என்பது இவ்வியக்கத்தின் நோக்கம் ஆகும். 1910 இல் வெளிவந்த எதிர்காலவாத ஓவியர்களின் அறிக்கையில் பொச்சியோனி, கார்ரா, பாலா, செவெரினி ஆகியோருடன் ருசோலோவும் கையொப்பமிட்டார்.

கலகம், நறுமணம், இசை ஆகியன இவரது குறிப்பிடத்தக்க ஓவியங்கள். இவற்றுள் 1911 – 1912 காலப்பகுதியில் வரையப்பட்ட இசை என்னும் ஓவியம் இவரது வாழ்வைப் புரிந்துகொள்ள உதவுவதாகும். இருளில் ஒருவர் இசைக்கருவியின் விசைப்பலகையை வாசிக்கிறார். அவருக்குப் பல கைகள் இருப்பது போல் விரல்களின் அசைவு காட்டப்பட்டுள்ளது. அவரிடமிருந்து நீலநிற அலை ஒன்று வளைந்து எழுகிறது. அவரைச் சுற்றி வெவ்வேறு உணர்ச்சிகளைக் காட்டும் முகமூடி போன்ற முகங்கள் மிதக்கின்றன. ஒலி, கேட்போரின் உள்ளத்தில் உருவங்களாகவும் உணர்ச்சிகளாகவும் விரிகிறது என்னும் எண்ணத்தை இவ்வோவியம் வெளிப்படுத்துகிறது. இது இலண்டனிலுள்ள எஸ்தோரிக் தொகுப்பில் வைக்கப்பட்டுள்ளது.

பிரம்மஞான சபையைச் சேர்ந்த அன்னி பெசண்ட், லெட்பீட்டர் ஆகிய இருவரும் எழுதி 1905 இல் வெளியான எண்ண வடிவங்கள் என்னும் நூலில், தேவாலய ஆர்கன் இசையிலிருந்து வண்ண வடிவங்கள் எழுவதாகக் காட்டும் படங்கள் உள்ளன. எதிர்காலவாத ஓவியர்கள் மீது இந்நூலின் தாக்கம் இருந்தது என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். பெசண்ட் 1907 முதல் சென்னை அடையாற்றிலிருந்து அச்சபையை வழிநடத்தியவர் ஆவார்.

இரைச்சல்களின் கலை

1913 மார்ச் மாதத்தில் உரோம் நகரின் கொஸ்தான்சி அரங்கில் இசையமைப்பாளர் பிரான்செஸ்கோ பலில்லா பிரத்தெல்லாவின் எதிர்காலவாத இசை அரங்கேறியது. அதைக் கேட்ட ருசோலோ, பிரத்தெல்லாவுக்கு எழுதிய கடிதமாகத் தம் கருத்துகளைத் தொகுத்தார். 1913 மார்ச் 11 எனத் தேதியிடப்பட்ட இக்கடிதமே இரைச்சல்களின் கலை என்னும் அறிக்கையாகும்.

ருசோலோவின் வாதம் வரலாற்று அடிப்படையிலானது. பண்டைய வாழ்க்கை பெரும்பாலும் அமைதியாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயந்திரங்கள் வந்தபோதுதான் இரைச்சல் உலகெங்கும் பரவியது என்பது அவரது கருத்து. இசையும் இதற்கு இணையாகவே தனிச் சுரங்களிலிருந்து இணைச்சுரங்களுக்கும், பின்னர் முரண் இணைவுகளுக்கும் வளர்ந்தது. செவி மேலும் மேலும் செறிவான ஒலியை நாடுவதால் அடுத்த கட்டம் இரைச்சலாகவே இருக்க முடியும் என அவர் முடிவு செய்தார்.

இரைச்சலின் உணர்ச்சி ஆற்றலுக்கும் அவர் விளக்கம் தந்தார். இசைச் சுரம் வாழ்க்கையிலிருந்து பிரிக்கப்பட்டுப் பழகிப்போன ஒன்று; அது செவிக்கு இனிமையாக இருந்தாலும் வியப்பைத் தருவதில்லை. இரைச்சலோ வாழ்க்கையின் ஒழுங்கின்மையிலிருந்து நேரே வருவதால் முழுமையாகப் பிடிபடுவதில்லை. எனவே கேட்பவரை அது உடனே விழிப்புறச் செய்கிறது. எனினும் இரைச்சலை வெறுமனே போலச்செய்தல் இக்கலையின் நோக்கம் அன்று என்பதை அவர் வலியுறுத்தினார். இரைச்சல் தன்னைத் தோற்றுவித்த பொருளிலிருந்து விடுபட்டு, வண்ணத்தைப் போல் கலைஞரின் கையில் ஒரு மூலப்பொருளாக வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

ஒரு பெருநகரைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கூர்ந்து கேட்டுச் சுற்றிவரும்படி அறிக்கை அழைக்கிறது. குழாய்களில் ஓடும் நீர், பொறிகளின் மூச்சு, தண்டவாளங்களில் உருளும் சக்கரங்கள், கடைகளின் இழுப்புக் கதவுகள், கூட்டத்தின் முணுமுணுப்பு ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்தறிந்து மனத்தில் ஒழுங்குபடுத்த வேண்டும் என்கிறார் ருசோலோ. பொறுமையான கேட்டலையே இதில் முதற்படியாக அவர் வைத்தார்.

எதிர்காலவாத இசைக்குழுவில் இடம்பெறவேண்டிய இரைச்சல்களை அவர் ஆறு குடும்பங்களாக வகுத்தார்:

1. முழக்கம், கர்ச்சனை, வெடிப்பு, பெருமோதல் போன்றவை
2. சீழ்க்கை, சீறல், செருமல் போன்றவை
3. கிசுகிசுப்பு, முணுமுணுப்பு, களகளப்பு போன்றவை
4. கிறீச்சிடல், சலசலப்பு, ரீங்காரம், உராய்வு போன்றவை
5. உலோகம், மரம், தோல், கல், சுடுமண் ஆகியவற்றைத் தட்டுவதால் எழுபவை
6. விலங்குகள், மனிதர்களின் குரல்கள்: கூச்சல், முனகல், ஊளை, சிரிப்பு, விம்மல் போன்றவை

இந்தோனாருமோரி கருவிகள்

தம் கொள்கையைச் செயற்படுத்துவதற்காக ருசோலோ, ஓவியர் ஊகோ பியாத்தியின் உதவியுடன் புதிய கருவிகளை உருவாக்கினார். இவை இந்தோனாருமோரி என அழைக்கப்பட்டன. இரைச்சலுக்குச் சுருதி தருபவை என்பது இச்சொல்லின் பொருள் ஆகும்.

வெளியிலிருந்து பார்க்கையில் இந்தோனாருமோரி, முன்புறம் பெரிய கூம்பு பொருத்தப்பட்ட மரப்பெட்டி ஆகும். பெட்டியினுள் இழுத்துக்கட்டிய தந்தி ஒன்று உண்டு. அதன் ஒரு முனை, பறையின் தோலைப் போன்ற ஒரு சவ்வுடன் இணைக்கப்பட்டிருக்கும். பின்புறமுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளேயிருக்கும் சக்கரம் தந்தியை உராயும். தந்தியின் அதிர்வு சவ்வுக்குச் சென்று, கூம்பு வழியாகப் பெருகி வெளிவரும். சில வகைகளில் கைப்பிடிக்குப் பதிலாக மின்னோடி பயன்பட்டது. சக்கரத்தின் விளிம்பு வழவழப்பாக உள்ளதா, பற்களுடன் உள்ளதா, எப்பொருளால் ஆனது என்பவற்றைப் பொறுத்து ஓசையின் தன்மை மாறும்.

பெட்டியின் மேற்புறத்திலுள்ள நெம்புகோலே இக்கருவியின் சிறப்புக் கூறாகும். அதை நகர்த்தும்போது தந்தியின் இழுவிசை மாறுவதால் சுருதி ஏறும் அல்லது இறங்கும். முழுச்சுரம், அரைச்சுரம் மட்டுமன்றி அவற்றுக்கு இடைப்பட்ட நுண்சுரங்களையும், இடையறாது வழுக்கிச் செல்லும் ஒலியையும் இதனால் எழுப்ப முடிந்தது. இயற்கையின் ஓசைகளும் இயந்திர ஓசைகளும் படிப்படியாக அன்றித் தொடர்ச்சியாகவே உயர்ந்து தாழ்கின்றன என்பதை ருசோலோ கவனித்திருந்தார். இத்தொடர்ச்சியைக் குறிப்பதற்கு, புள்ளிகளுக்குப் பதிலாகக் கோடுகளைப் பயன்படுத்தும் இசைக்குறியீட்டு முறையையும் அவர் வகுத்தார்.

ஊளையிடுவான், முழங்குவான், வெடிப்பான், உராய்வான், களகளப்பான், ரீங்கரிப்பான், சீறுவான் எனப் பொருள்படும் இத்தாலியப் பெயர்கள் கருவிகளுக்கு இடப்பட்டன. இசைச் சுரத்துக்கும் இரைச்சலுக்கும் இடையேயான வேறுபாடு அளவில் மட்டுமே உள்ளது, இரைச்சலில் மேற்சுரங்கள் மிகுதி என்பது ருசோலோவின் ஒலியியல் நிலைப்பாடு ஆகும்.

மேடை நிகழ்ச்சிகள்

1913 ஜூன் 2 அன்று மோதெனா நகரின் ஸ்தோர்கி அரங்கில் வெடிப்பான் கருவி முதன்முதலாக மக்கள் முன் இயக்கிக் காட்டப்பட்டது. முழுமையான இசைக்குழுவின் நிகழ்ச்சி 1914 ஏப்ரல் 21 அன்று மிலானின் தல் வெர்மே அரங்கில் பதினெட்டுக் கருவிகளுடன் நடைபெற்றது. ஒரு நகரத்தின் விழிப்பு, கூர்சால் மாடிமுற்றத்தில் உணவு, தானுந்துகளும் வானூர்திகளும் சந்தித்தல் என்னும் பொருள்படும் மூன்று ஆக்கங்கள் இதில் இடம்பெற்றன.

இசை தொடங்குமுன்னரே அரங்கில் கூச்சல் எழுந்தது. மரினெத்தி உள்ளிட்ட இயக்கத்தினர் மேடையிலிருந்து இறங்கிப் பார்வையாளர்களுடன் கைகலந்தனர். பலர் காயமடைந்தனர். ருசோலோ இவற்றுக்கிடையே நிகழ்ச்சியை இறுதிவரை நடத்தினார். கூட்டத்தின் கூச்சலில் கருவிகளின் ஓசை பெரும்பாலும் கேட்கவில்லை. இரைச்சலின் நுட்பங்களைக் கேட்கச் செய்வதற்காக உருவாக்கப்பட்ட கருவிகளை மற்றோர் இரைச்சல் மூடிவிட்டது எனலாம். அதே ஆண்டில் ஜெனோவாவிலும், இலண்டனின் கொலிசியம் அரங்கிலும் நிகழ்ச்சிகள் நடந்தன.

ஒரு நகரத்தின் விழிப்பு என்னும் ஆக்கத்தின் இசைக்குறிப்பில் ஒரு சிறு பகுதி 1914 மார்ச்சில் புளோரன்சிலிருந்து வெளிவந்த லாச்செர்பா இதழில் அச்சிடப்பட்டது. ருசோலோ எழுதிய இசைக்குறிப்புகளில் இன்று எஞ்சியிருப்பது இந்தச் சில அளவைகள் மட்டுமே.

போரும் காயமும்

எதிர்காலவாதிகள் போரை வெளிப்படையாகப் போற்றியவர்கள். ருசோலோவின் அறிக்கையிலேயே, பால்கன் போரில் ஆத்ரியனோப்பிள் முற்றுகையின் ஓசைகளை விவரித்து மரினெத்தி எழுதிய பகுதி சேர்க்கப்பட்டுள்ளது. இவ்வியக்கத்தின் தலைவரான மரினெத்தி பின்னாளில் பாசிசத்துக்கு ஆதரவளித்தார். இதனால் எதிர்காலவாதம் இன்றும் கடும் விமர்சனத்துக்கு உள்ளாகிறது.

1915 இல் இத்தாலி முதலாம் உலகப் போரில் நுழைந்தபோது மரினெத்தி, பொச்சியோனி, கட்டடக் கலைஞர் சாந்த்-எலியா ஆகியோருடன் ருசோலோவும் லொம்பார்தித் தன்னார்வ மிதிவண்டிப் படையில் சேர்ந்தார். 1916 இல் இரைச்சல்களின் கலை நூல் வடிவில் மிலானில் வெளிவந்தது. இயற்கையின் ஓசைகள், மொழியின் ஓசைகள் ஆகியவற்றுடன் போரின் ஓசைகள் குறித்தும் இதில் ஓர் இயல் உள்ளது. கண் பயனற்றுப்போகும் இரவுப் போர்க்களத்தில் குண்டின் வகையையும் அது செல்லும் திசையையும் வீரர்கள் அதன் ஓசையைக் கொண்டே அறிந்துகொள்வதை அவ்வியல் விவரிக்கிறது. உயிர் பிழைத்தல் கேட்டலைச் சார்ந்திருந்த சூழல் அது.

அதே ஆண்டில் பொச்சியோனியும் சாந்த்-எலியாவும் இறந்தனர். 1917 இல் ருசோலோ தலையில் கடுமையாகக் காயமுற்றார். மண்டையோட்டில் அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. நீண்ட காலம் மருத்துவமனைகளில் தங்கியிருந்து உடல்நலம் தேறினார். போரின் முழக்கத்தை இசையாகக் கேட்க முனைந்த இயக்கத்தைச் சேர்ந்த ஒருவருக்குப் போர் விட்டுச்சென்றது இதுவாகும். அவரது பிற்காலப் பணிகளில் போரைப் போற்றும் தொனி காணப்படவில்லை.

பாரிஸ் காலம்

1921 ஜூன் மாதத்தில் பாரிசின் சான்ஸ்-எலிசே அரங்கில் மூன்று நிகழ்ச்சிகள் நடைபெற்றன. அந்தோனியோ ருசோலோவின் இசையை மரபுவழி இசைக்குழுவும் இந்தோனாருமோரிகளும் சேர்ந்து இசைத்தன. இக்காலப்பகுதியில் பதிவு செய்யப்பட்ட ஒரே ஓர் இசைத்தட்டு மட்டுமே கருவிகளின் ஓசைக்குச் சான்றாக எஞ்சியுள்ளது. அதன் இரு பக்கங்களிலும் அந்தோனியோவின் ஆக்கங்களே உள்ளன. அவற்றில் வழக்கமான இசைக்குழுவின் ஒலிக்குப் பின்னால் முழக்கங்களும் ரீங்காரங்களும் மங்கலாகக் கேட்கின்றன.

1920 களில் ருசோலோ பல இரைச்சல் கருவிகளை ஒரே விசைப்பலகையின் கீழ் இணைத்து உருமோரார்மோனியோ என்னும் கருவியைச் செய்தார். 1925 இல் நுண்சுரங்களை எழுப்பவல்ல வில் ஒன்றையும் உருவாக்கினார். 1926 இல் மரியா சனொவெல்லோவை மணந்தார். பாரிசில் வாழ்ந்த ஆண்டுகளில் ஒலியற்ற திரைப்படங்களுக்கு உருமோரார்மோனியோவால் பின்னணி ஒலி அமைத்தார். பேசும் படங்கள் வந்தபின் அவ்வாய்ப்பும் மறைந்தது. 1929 இல் பாரிசின் ஓர் ஓவியக் கூடத்தில் இசையமைப்பாளர் எட்கார் வரேஸ் அறிமுகம் செய்துவைக்க அவர் தம் கருவியை இசைத்தார். இதுவே அவரது கடைசிப் பொது நிகழ்ச்சியாகக் குறிப்பிடப்படுகிறது.

அகநோக்கிய ஆண்டுகள்

1930 களின் தொடக்கத்தில் ருசோலோ எசுப்பானியாவிலுள்ள தர்ரகோனாவில் தங்கி மறைஞானத்தைப் பயின்றார். 1933 இல் இத்தாலிக்குத் திரும்பி, மஜ்ஜோரே ஏரிக்கரையிலுள்ள செர்ரோ தி லாவேனோ என்னும் சிற்றூரில் குடியேறினார். யோகத்திலும் கீழைத்தேய மெய்யியலிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டார். 1938 இல் பருப்பொருளுக்கு அப்பால் என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். உண்மை, அழகு, நன்மை ஆகிய மூன்றையும் தேடுவது அந்நூலின் பொருள் ஆகும்.

1940 களில் அவர் மீண்டும் ஓவியம் தீட்டினார். இவ்வோவியங்களில் இயந்திரமும் வேகமும் இல்லை. எளிய இயல்புநடையில் வரையப்பட்ட காட்சிகளே உள்ளன. 1947 பெப்ரவரியில் செர்ரோ தி லாவேனோவில் காலமானார். பாரிசில் விடப்பட்ட அவரது கருவிகள் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொலைந்துபோயின. அவரது மனைவி மரியா சனொவெல்லோ எழுதிய வாழ்க்கை வரலாறு 1958 இல் வெளியானது.

நீண்ட காலமாக ஆய்வாளர்கள் ருசோலோவின் பிற்கால ஆன்மிக நாட்டத்தை முற்கால எதிர்காலவாதத்திலிருந்து விலகிச் சென்றதாகவே கண்டனர். இசையியலாளர் லூச்சியானோ கெஸ்ஸா 2012 இல் வெளியிட்ட ஆய்வு நூல் இதை மறுக்கிறது. மறைஞான ஆர்வம் தொடக்கம் முதலே ருசோலோவிடம் இருந்தது என்றும், இரைச்சல் கருவிகளே பருப்பொருளைக் கடந்த அனுபவத்துக்கான வழியாகக் கருதப்பட்டன என்றும் அவர் வாதிடுகிறார்.

இரைச்சலும் உள்ளமும்

ருசோலோவின் கொள்கையில் இரைச்சல் செவியைத் தாக்கி விழிப்பூட்டுவது. ஆனால் அவருக்குப் பின் வளர்ந்த இரைச்சல் இசையைக் கேட்போர் பலர் அதில் அமைதியையும் தியானம் போன்ற நிலையையும் உணர்வதாகக் கூறுகின்றனர். முரணாகத் தோன்றும் இவ்விரண்டையும் கேட்டலின் இயல்பைக் கொண்டு விளக்கலாம்.

மெட்டும் தாளமும் உள்ள இசையில் அடுத்து வருவது என்ன என்பதை மனம் இடைவிடாது எதிர்பார்க்கிறது. பல அதிர்வெண்கள் ஒருங்கே நிறைந்த தொடர் இரைச்சலில் அவ்வாறு எதிர்பார்க்க எதுவும் இல்லை. முதலில் மனம் அதை எதிர்க்கிறது. சிறிது நேரத்தில் செவி பழகிவிடுகிறது. அதன்பின் ஒரே பெருந்திரளாகக் கேட்ட ஓசைக்குள் நுண்ணிய அசைவுகள் புலப்படத் தொடங்குகின்றன. மேலும், அருவியோசையைப் போன்ற சீரான இரைச்சல், கவனத்தைக் கலைக்கும் சிறு ஓசைகளை மறைத்துவிடுகிறது. இதனால் கவனம் ஒன்றில் நிலைக்க ஏதுவாகிறது.

எல்லா இரைச்சலும் இவ்விளைவைத் தருவதில்லை. ஐக்கிய அமெரிக்க உளவியலாளர்களான டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் ஆகியோர் நகர இரைச்சல் குறித்துச் செய்த ஆய்வுகளை 1972 இல் நூலாக வெளியிட்டனர். எப்போது வரும் என முன்னறிய இயலாத இரைச்சலைக் கேட்டோர், அது நின்ற பிறகு செய்த பணிகளில் பின்தங்கினர். விரும்பினால் இரைச்சலை நிறுத்தலாம் என்னும் பொத்தான் தரப்பட்டவர்கள் அதைப் பயன்படுத்தாமலே குறைந்த பாதிப்புக்கு உள்ளாயினர். ஓசையின் அளவைவிட அதன் மீது தமக்குக் கட்டுப்பாடு உண்டு என்னும் உணர்வு முதன்மையானது என்பதை இது காட்டுகிறது. தெருவில் ஒருவர் மீது திணிக்கப்படும் அதே ஓசையை, நெம்புகோலை நகர்த்தி ஏற்றவும் இறக்கவும் கூடியதாக ருசோலோ மாற்றியதன் பொருளும் இவ்வாறே விளங்குகிறது. எனினும் அளவு மீறிய உரத்த ஓசை, விரும்பிக் கேட்டாலும், கேட்கும் திறனை நிலையாகக் கெடுக்கவல்லது.

எதிர்முழக்கத்தின் பங்கு

இரைச்சல் இசையில் இன்று பெரிதும் பயன்படும் மற்றொரு கூறு எதிர்முழக்கம் ஆகும். ஓர் ஓசை நின்றபிறகும் சுவர்களிலும் கூரையிலும் பலமுறை தெறித்துச் சிறிது நேரம் நீடிப்பதே எதிர்முழக்கம். ருசோலோவின் சமகாலத்தவரான ஐக்கிய அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன் 1895 முதல் இதனை அளந்து ஆராய்ந்தார். 1900 இல் திறக்கப்பட்ட பாஸ்டன் இசையரங்கம் அவரது ஆய்வின் அடிப்படையில் அமைக்கப்பட்டது. ஓசையின் செறிவு பத்து இலட்சத்தில் ஒரு பங்காக, அதாவது 60 டெசிபெல் அளவு, குறைவதற்கு ஆகும் காலமே எதிர்முழக்க நேரம் எனப்படுகிறது. நல்ல இசையரங்கில் இது ஏறத்தாழ 2 வினாடி. பெரிய கற்கட்டடத் தேவாலயங்களில் 5 வினாடிக்கும் மேல் நீடிப்பதுண்டு.

எதிர்முழக்கம் மிகும்போது ஓசைகளின் தொடக்கமும் முடிவும் கரைந்து ஒன்றோடொன்று கலக்கின்றன. ஓசை எத்திசையிலிருந்து வருகிறது, எப்பொருள் அதை எழுப்பியது என்பது தெளிவாகத் தெரிவதில்லை. கேட்பவர் ஓசைக்கு எதிரே அன்றி ஓசைக்குள் இருப்பதாக உணர்கிறார். தேவாலயங்களில் தோன்றும் பயபக்திக்கும் அமைதிக்கும் இதுவும் ஒரு காரணம் ஆகும். இரைச்சலை அதன் தோற்றுவாயிலிருந்து விடுவிக்க வேண்டும் என ருசோலோ கருவிகளின் வழியே முயன்றார். எதிர்முழக்கம் அதையே கட்டடத்தின் வழியே செய்கிறது.

தாக்கம்

பிரான்சில் பியேர் செபேர் 1948 இல் தொடர்வண்டி ஓசைகளின் பதிவைக் கொண்டு உருவாக்கிய இசை, ருசோலோவின் எண்ணத்தை ஒலிப்பதிவுத் தொழில்நுட்பத்தில் நிறைவேற்றியதாகக் கருதப்படுகிறது. ஐக்கிய அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1952 இல் அரங்கேற்றிய நான்கு நிமிடம் முப்பத்து மூன்று வினாடி என்னும் ஆக்கத்தில் இசைக்கலைஞர் எதையும் இசைப்பதில்லை. அரங்கில் இயல்பாக எழும் ஓசைகளைக் கேட்பதே அவையோரின் பணி. நகரத்தைச் செவியால் சுற்றிவரும்படி ருசோலோ அழைத்ததன் அமைதியான வடிவமாக இதனைக் காணலாம். 1979 இல் சப்பானியக் கலைஞர் மசாமி அகித்தா தொடங்கிய மெர்ஸ்பவ், இரைச்சலை மட்டுமே கொண்ட இசையை உலகறியச் செய்தது. 1983 இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ஆர்ட் ஆஃப் நாய்ஸ் என்னும் இசைக்குழு தன் பெயரை ருசோலோவின் அறிக்கையிலிருந்து எடுத்துக்கொண்டது.

எதிர்முழக்கத்தையே இசையாக்கும் முயற்சிகளும் தொடர்ந்தன. ஆல்வின் லூசியர் 1969 இல் தம் பேச்சைப் பதிவு செய்து அதே அறையில் மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்து பதிந்தார். முடிவில் சொற்கள் கரைந்து அறையின் ஒத்ததிர்வு மட்டுமே எஞ்சியது. பாலின் ஒலிவெரோஸ் 1988 இல் தம் குழுவினருடன் வாசிங்டன் மாநிலத்திலுள்ள நிலத்தடி நீர்த்தொட்டி ஒன்றில் இசைத்தார். அங்கு எதிர்முழக்கம் ஏறத்தாழ 45 வினாடி நீடித்தது. ஆழ்ந்து கேட்டல் என்னும் தியானப் பயிற்சியை அவர் இதன் தொடர்ச்சியாக வளர்த்தெடுத்தார்.

ருசோலோவின் மூலக்கருவிகள் ஒன்றுகூடக் கிடைக்காதபோதும், அவரது எழுத்துகள், காப்புரிமை ஆவணங்கள், நிழற்படங்கள் ஆகியவற்றைக் கொண்டு பலர் அவற்றை மீண்டும் உருவாக்கியுள்ளனர். 2009 இல் எதிர்காலவாதத்தின் நூற்றாண்டையொட்டி, லூச்சியானோ கெஸ்ஸாவின் வழிகாட்டலில் பதினாறு இந்தோனாருமோரிகள் செய்யப்பட்டன. நியூயார்க் நகரில் நடந்த பெர்ஃபார்மா கலைவிழாவில் அவற்றுக்காகப் புதிதாக எழுதப்பட்ட ஆக்கங்கள் இசைக்கப்பட்டன.